விடியற்காலையில் முரண்டு பிடிக்கும் வண்டி: கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை



இந்தப் பகுதியில் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு இருப்பு ஆகியவை பற்றித்தான் பாடம் வரும். இம்முறை வண்டியைப் பற்றி எழுதுகிறோம். நாம் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவர்கள். ஆயினும் நம் தொழிலில் வண்டி என்பது நான்கு சக்கரம் வைத்த கடை. அது காலை 4 மணிக்குக் கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரம் அங்கேயே நின்றுவிடும். இந்த விஷயத்தில் நாம் இரண்டு பேட்டரிக்கும் ஒரு செல்ஃப் மோட்டார் வேலைக்கும் வீண் செலவு செய்தோம். அதைவிட மோசமாக, ஒரு தவறும் செய்யாத பையனைத் தவறு செய்தவன் ஆக்கினோம். அந்தக் கணக்கை மறைக்காமல் எழுதினால் மற்றவர்களுக்காவது பயன்படும்.

கனகம்மாசத்திரம் சென்னை–திருப்பதி சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் இருப்பது பலரும் அறிந்ததே. டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையில் படித் திருவிழா நடக்கும். 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஏறுவார்கள். அந்த ஒரு நாளுக்காக அடிவாரத்தில் தற்காலிகக் கடை போடுகிறவர்கள் பத்து நாளுக்கு முன்பே நம்மிடம் கற்பூரம், வெல்லம், பொரி, கடலை எல்லாம் சொல்லி வைத்துவிடுவார்கள். திருவிழா நாளில் பொழுது ஏறினால் லோடு வண்டியை அடிவாரத்துக்கு விடமாட்டார்கள். ஆகவே விடிவதற்குள் சரக்கை இறக்கிவிட்டு வரவேண்டும்.

2023-ஆம் ஆண்டு அந்த நாளில், முந்தின இரவே சரக்கு ஏற்றி வைத்திருந்த லோடு வண்டி காலை 4 மணிக்குச் சாவி போட்டதும் "கிர்... கிர்..." என்று இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. மூன்றாம் முறை வெறும் "டக்" சத்தம். நான்கு பேர் தள்ளியும், நிறைபாரம் ஏற்றிய வண்டி நகர்ந்ததே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வேறொரு வண்டியை வரவழைத்து, மூட்டைகளை மாற்றி ஏற்றி அனுப்பியபோது மணி 11. அடிவாரத்தில் கடை போட்டிருந்த ஓர் அம்மாள், முன்பணம் கொடுத்திருந்தவர், காலையிலேயே ஆள் வந்துவிட்டதால் வேறு கடையில் சில்லறை விலைக்கே கற்பூரம் வாங்கிவிட்டார். "உங்களை நம்பித்தானே அண்ணா இருந்தேன்" என்று போனில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். விலை வித்தியாசத்தை நாம் ஏற்றுக்கொண்டோம், அது வேறு விஷயம்.

அன்று காலையே டிரைவர் தம்பியைப் பிடித்துக்கொண்டோம். இரவு வண்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு பேட்டரியைக் காலி செய்துவிட்டாய் என்றோம். "இல்லீங்க முதலாளி, சாவி உங்ககிட்டதானே இருந்தது" என்றான். உண்மைதான், சாவி கல்லாவில்தான் இருந்தது. கோபத்தில் அது காதில் ஏறவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அந்த வண்டிக்கு அது முதல் தடவை அல்ல. முந்தின ஆண்டு மார்கழியிலும் இதே முனகல். அப்போது புதுப் பேட்டரி மாற்றினோம், சரியாகிவிட்டது. 2023 ஆடியில் மறுபடி காலையில் சோம்பல் காட்டியது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள், சரியாகிவிட்டது. படித் திருவிழாவுக்குப் பிறகு இன்னொரு பேட்டரி. அப்போதும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் "சரியாகிவிட்டது" என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். ஒரே கடன்காரர் மூன்று முறை தவணை கட்டிவிட்டு மூன்று முறையும் நின்றுபோனால் நாம் என்ன நினைப்போம்? ஆளிடம் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நினைப்போம் அல்லவா? வண்டியிடம் மட்டும் அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

மாசி மாதம் மறுபடி முனகல் ஆரம்பித்தபோது, நகரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்தார். வயது எழுபதை நெருங்கியவர். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிறிய மல்டிமீட்டரை எடுத்தார். கால் மணி நேரத்தில் நான்கு இடத்தில் தொட்டுப் பார்த்து, நான்கு எண்ணைத் தரையில் சாக்பீஸால் எழுதினார். அந்த நான்கு எண்தான் இந்தப் பாடம்.

நான்கு எண்கள்

முதல் எண், வண்டி இரவு முழுவதும் ஓய்ந்திருந்தபின் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்று பெயரே தவிர, ஆறு அறை கொண்ட அந்தப் பெட்டி முழுதாக நிரம்பியிருந்தால் 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான் இருப்பு. அதாவது 12.6-க்கும் 12-க்கும் இடையே உள்ள அரை வோல்ட்டுச் சொச்சத்தில்தான் கிடங்கின் முக்கால் பங்கும் அடங்கியிருக்கிறது. ஆகவே கண்ணால் முகப்பு விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்து "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது, கோணியைக் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வது போலத்தான். வண்டி ஓடி நின்றவுடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். காலையில், கதவைத் திறக்கும் முன் அளப்பதே சரி. நமக்கு அன்று 12.5 காட்டியது. பேட்டரி நன்றாக இருக்கிறது.

இரண்டாவது எண், ஒருவர் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது அதே இரு முனைகளில் காட்டும் வோல்ட். இது இறங்கத்தான் செய்யும். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. நமக்கு 11.2-இல் நின்றது. நாம் சந்தோஷப்பட்டோம். பெரியவர் தலையை ஆட்டினார். "இங்கதான் திருடன் இருக்கான்" என்றார். எஞ்சின் மெதுவாக முனகும்போது பேட்டரியின் வோல்ட் இவ்வளவு குறைவாக இறங்குகிறது என்றால், செல்ஃப் மோட்டாருக்குப் போகவேண்டிய கரண்ட் போகவே இல்லை என்று பொருள். கிடங்கில் சரக்கு இருக்கிறது, கடையில் இல்லை. அப்படியானால் வழியில்தான் எங்கோ தடை.

மூன்றாவது எண் அந்த வழியை அளப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனைக் கம்பத்தில் வைத்து, மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே எர்த் என்பதால் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். 0.2, 0.3 வரை பொறுக்கலாம். நமக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! இதே போல் பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த முனை வரையிலும் அளந்தார். அங்கே 0.3-தான். ஆக, போகிற வழி சுத்தம், திரும்பி வருகிற வழியில் அடைப்பு.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், கியர் பெட்டியையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை, போல்ட் பிடிக்கும் இடத்தில் பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்தது. மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியபோது பாதிக் கம்பி இழைகள் பொடியாக உதிர்ந்தன. புதுப் பட்டை, உப்புத்தாள் போட்டு இரும்பைத் தேய்த்தது, போல்ட், அவர் கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் நாம் செலவழித்தது பதினைந்தாயிரத்தைத் தாண்டும்.

நான்காவது எண், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் காட்டும் வோல்ட். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர், நம் பேச்சு வழக்கில் டைனமோ, ஒழுங்காகப் பேட்டரியை நிரப்புகிறது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது டைனமோ பழுது. 15-ஐத் தொட்டால் அதுவும் ஆபத்து, பேட்டரியின் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். நமக்கு 14.1.

ஏன் காலையில் மட்டும்?

இதே வண்டி பகலில் பத்து முறை நின்று பத்து முறை கிளம்பியது. அதனால்தான் எர்த்தின் மீது எவருக்கும் சந்தேகம் வரவில்லை. காரணம் இதுதான். இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும். அதைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு நூறு, நூற்றைம்பது ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். அந்த அளவு கரண்ட் குறுகலான வழியில் போகும்போதுதான் தடை தெரியும். எஞ்சின் சூடாகிவிட்டால் ஆயில் இளகிவிடும், குறைந்த கரண்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். ஒற்றை மாட்டுவண்டி போகும் சந்தில் காலையில் மட்டும் லாரி வந்தால் எப்போது அடைபடும்? காலையில்தான்.

புதுப் பேட்டரி போட்டபோது ஏன் சில மாதம் சரியானது என்பதற்கும் பெரியவர் விளக்கம் சொன்னார். பேட்டரி மாற்றும்போது முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். புதுப் பேட்டரியின் தெம்பும் கொஞ்சம் கூடுதல். இரண்டும் சேர்ந்து தடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டன. செல்ஃப் மோட்டாரைப் புதுப்பித்தபோதும் இதே கதைதான்.

எர்த் பட்டை ஏன் அப்படி உளுத்தது என்பதுதான் மளிகைக்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம். நம் வண்டியில் வாரம் இரண்டு நடை கல்லுப்பு ஏற்றுகிறோம். மழைக்காலத்தில் உப்பு மூட்டை கசியும். அந்தத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, எர்த் பட்டை, பிரேக் குழாய், லீஃப் ஸ்பிரிங் எல்லாவற்றையும் நனைக்கும். வண்டி செய்தவர்கள் பேரில் குற்றம் இல்லை. இப்போது உப்பு மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தை மடித்து வைக்கிறோம். இறக்கியவுடன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். எர்த் போல்ட்டின் மேல் வேஸ்லின் தடவி வைத்திருக்கிறோம்.

உப்பைப் போலவே நம் தொழிலுக்கே உரிய இன்னொரு எதிரி எலி. தானியம் சிந்திய வண்டிக்கு எலி வரும். வந்தது பானட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். காலையில் ஒன்றுமே வேலை செய்யாமல் மீட்டர் போர்டு விளக்கும் எரியவில்லை என்றால், முதலில் பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பேட்டரியே குற்றவாளியாக இருந்தால்

எல்லா வண்டியிலும் எர்த்தான் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். பல சமயம் பேட்டரியே தளர்ந்திருக்கும். நம் பகுதிக்கு அதில் ஒரு தனிக் காரணம் உண்டு. கோடையில் வெயில் கணக்கைப் படிக்கும்போது திருத்தணி பெயர் முன்வரிசையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நிற்கும் வண்டியில், பானட்டுக்குள் வெப்பம் இன்னும் அதிகம். வெப்பம் ஏறினால் பேட்டரிக்குள் தகடுகள் அரிப்பது விரைவாகும். பொதுவாக 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் கணக்கு. ஆனால் கோடையில் எஞ்சின் ஆயில் இளகி இருப்பதால் தளர்ந்த பேட்டரிகூட வண்டியைக் கிளப்பிவிடும். பேட்டரிக்கு நோய் வருவது சித்திரையில், அது படுப்பது மார்கழியில். ஆகவே கோடை முழுவதும் நிழலில் நிறுத்துவதும், மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் மாதம் ஒரு முறை தண்ணீர் அளவைப் பார்ப்பதும்தான் மார்கழிக்கான வைத்தியம். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக மட்டும் இருக்கவேண்டும். நம் ஊர்ப் போர்த் தண்ணீரின் உப்பு பேட்டரியைக் கொன்றுவிடும். ஆசிட் ஊற்றவே கூடாது.

அடுத்த காரணம், வரவு குறைந்து செலவு கூடுவது. கணக்கு போட்டுப் பாருங்கள். செல்ஃப் ஒரு முறை 5 விநாடி, 150 ஆம்பியர் இழுத்தால் செலவாவது 0.2 ஆம்பியர்-மணி அளவுதான். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கிராமத்து லைனில் கடைக்குக் கடை நிறுத்தி, ஒரு நாளைக்கு இருபது முறை கிளப்பினால் 4 ஆம்பியர்-மணி. நடுவில் ஓடுவது ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். அதுவும் மெதுவாக, முகப்பு விளக்கும் ஃபேனும் பாட்டும் போட்டுக்கொண்டு. நிரம்ப நேரமே இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லா இளைக்கும். இப்படி ஓடும் வண்டியை வாரம் ஒரு நாளாவது முக்கால் மணி நேரம் நேர்ச்சாலையில் ஓட்டவேண்டும், அல்லது சார்ஜரில் போடவேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் அளவில் இரவு முழுவதும் ஏற்றுவது உத்தமம். அவசரமாக அதிகக் கரண்ட்டில் ஏற்றினால் தகடு கெடும்.

2020-இல் இதை மொத்தமாகப் பார்த்தோம். அந்த மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. பல வியாபாரிகளின் வண்டி வாரக்கணக்கில் அசையவில்லை. பிறகு எடுத்தபோது பாதிப் பேட்டரி செத்திருந்தது. காலியான நிலையில் நெடுநாள் கிடந்தால் தகட்டின் மேல் கெட்டி உப்புப் படிந்து, பிறகு என்ன சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. நாளொன்றுக்கு ஒரு முறை கிளப்பி ஐந்து நிமிஷம் நிறுத்தியவர்களின் பேட்டரியும் தப்பவில்லை. வண்டி நிற்கப்போகிறது என்றால் மைனஸ் முனையைக் கழற்றி வைப்பதே மேல்.

மூன்றாவது, கசிவு. திருவள்ளூரில் எண்ணெய் வியாபாரம் செய்யும் நண்பரின் கார், திங்கட்கிழமை காலையில் மட்டும் கிளம்பாது. மற்ற நாளெல்லாம் கிளம்பும். ஞாயிறு கடை விடுமுறை, சனி மாலை நின்ற கார் திங்கள் காலைதான் அசையும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, ஒயருக்கும் முனைக்கும் நடுவில் கோத்துப் பார்த்தோம். எல்லாம் அணைந்து கால் மணி நேரம் கழித்தும் 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருக்கவேண்டியது. 36 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 14 ஆம்பியர்-மணிக்கு மேல், அதாவது பேட்டரியின் பாதியை ஒட்டி. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது ஒன்றில் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. டிக்கி விளக்கு. மூடியபின் எரிகிறதா அணைகிறதா என்று யாருக்குத் தெரியும்? ஸ்விட்ச் தேய்ந்து, இரவும் பகலும் இருட்டுக்குள் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மீட்டர் இப்படிக் கோத்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டர் எரிந்துவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இதுவரை சொன்னது எஞ்சின் மெதுவாகச் சுற்றும் அல்லது சுற்றாத வண்டிக்கு. செல்ஃப் கணீரென்று அடித்து, எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், கரண்ட் வழியை விட்டுவிட்டு எண்ணெய் வழிக்கும் சூட்டுக்கும் போகவேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்வதால்தான் பாதிச் செலவு. "மெதுவா சுத்துது" என்றோ "வேகமா சுத்துது, பிடிக்கலை" என்றோ சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரியும். குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூடு போதாமல் போகலாம் என்பதால்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைப் பாதி திருப்பி, மீட்டர் போர்டில் சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்து பிறகு அடிக்கவேண்டும். நம் டிரைவர்கள் பலர் காத்திருப்பதே இல்லை. காத்திருந்தும் பிடிக்காமல், புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது ஆனால் எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்கையோ அதன் ரிலேயையோ பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை.

இரவில் டீசல் குழாயில் எங்கோ நூல் அளவு காற்று புகுந்து, எண்ணெய் மெல்லத் திரும்பி டாங்கிக்கு இறங்கிவிடுவதும் உண்டு. "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்களே, அதுதான். இதற்கு நம் பழைய டீசல் அம்பாசிடர் காலத்திலேயே கற்ற ஒரு சோதனை உண்டு. ஒரு நாள் இரவு வண்டியைச் சரிவில் டாங்கிப் பக்கம் உயரமாக இருக்கும்படி, கல் வைத்து நிறுத்துங்கள். காலையில் ஒரே அடியில் பிடித்துக்கொண்டால் குழாய் இணைப்பு, ஃபில்டர் வாஷர், கைப்பம்பு இவற்றில் ஏதோ ஒன்றில் காற்று புகுகிறது. காசு செலவில்லாத சோதனை. ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது இறக்கிவிடுவது நல்லது.

பெட்ரோல் வண்டிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய கார்புரேட்டர் ஆம்னி, மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குச் சோக் பழக்கம் தெரியும். இப்போதைய இஞ்ஜெக்ஷன் வண்டியில், சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி விட்டு அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் அடித்துப் பாருங்கள். உடனே பிடித்தால் பெட்ரோல் பம்பு பக்கம் இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதன்பின்னும் பிடிக்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லவேண்டும்.

தள்ளுவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து வண்டியைத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளில் எண்ணெய் விடுவதே கம்ப்யூட்டர். அதற்கே கரண்ட் இல்லை என்றால் நாள் முழுவதும் தள்ளினாலும் பயனில்லை. பெட்ரோல் வண்டியில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்குள்ள விலையுயர்ந்த கருவியைக் கெடுக்கும். ஆகவே இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுப்பதே வழி. பிளஸுக்குப் பிளஸ் முதலில். பிறகு நல்ல வண்டியின் மைனஸிலிருந்து, செத்த வண்டியின் எஞ்சின் இரும்புக்கு. கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால் அதைப் பேட்டரிக்கு அருகில் செய்யக்கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடித்து வெடிக்கும். பேட்டரியின் மேல் குனிந்துகொண்டு பீடி பற்றவைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

1912-இல் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார செல்ஃப் மோட்டார் வரும்வரை, உலகம் முழுவதும் முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்கள். நம் சிறுவயதில் நம் ஊர் லாரிகளில்கூட ஹேண்டில் இருந்தது. எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு முறியும். இன்று நம் சாலையின் ஒரு கோடியில், பாடியில், 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். செல்ஃப் மோட்டார் செய்கிறது. மறுகோடியில், திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில், 1985-இல் தொடங்கிய அமர ராஜா பேட்டரி செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் ஒரு எர்த் பட்டைக்காகத் திண்டாடினோம்.

பேட்டரி மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வாரண்டி அட்டையை ரசீதோடு சேர்த்துக் கல்லாவிலேயே வையுங்கள். 18+18 என்பது போல் எழுதியிருந்தால் முதல் 18 மாதத்துக்குள் கெட்டால்தான் இலவச மாற்று, அடுத்த 18 மாதத்துக்கு விலையில் கழிவு மட்டுமே. பழைய பேட்டரியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஈயத்துக்கு விலை உண்டு, கடைக்காரரே கழித்துக்கொள்வார். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடுவது 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளுக்குப் பொருந்தாது. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றும் வேலைக்கு நாம் துணைபோகவும் வேண்டாம்.

மல்டிமீட்டர் ஒன்று நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாம் வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். தனியே ஒரு நோட்டுப் போட்டு, திங்கட்கிழமைதோறும் காலையில் கிளப்பும் முன் ஒரு எண், அடிக்கும்போது ஒரு எண், ஓடும்போது ஒரு எண் என்று எழுதுகிறோம். எர்த் எண்ணை மாதம் ஒரு முறை பார்க்கிறோம். இருப்புக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை அல்ல. எண் மெல்ல மெல்ல இறங்குவது நோட்டில் தெரியும், காதுக்குத் தெரியாது.

எர்த் பட்டை மாற்றிய அன்று மாலையே டிரைவர் தம்பியின் ஊருக்கு ஆள் அனுப்பினோம், வரவில்லை. பிறகு நாமே போனோம். பிடித்த சம்பளத்தை அவன் அம்மாவிடம் கொடுத்து, பேட்டரி காலியானது அவனால் அல்ல என்று வீட்டு வாசலில் நின்று, அவர்கள் அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னோம். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரண்டு மாதம் கழித்து, சித்திரையில் வந்தான். நோட்டு இப்போது அவன் கையில்தான் இருக்கிறது. சென்ற படித் திருவிழாவன்று காலை 3.40-க்கு அவன் எழுதியிருப்பது: 12.6, 10.3, 14.2. பக்கத்தில் "எர்த் 0.1" என்று எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறான்.